ரெண்டு விரக்கடை எறக்கம்

மாஸ்டர் வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போயிருந்தப்போ ஆளாளுக்கு அவர் கண்ணப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாங்க. "அவர் கண்ணு மாதிரி யாருக்கு வரும்? ஒரு தடவை பாத்தாப் போதும், அப்படியே பேப்பர்ல எறக்கிடுவார்"னு ஒருத்தர். "அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு தூசி போகாது"ன்னு இன்னொருத்தர். நான் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். பொதுவா வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கிற ஆள் இல்ல நான். அன்னைக்கு இருந்தேன். செத்தவர் வீட்ல போய் என்னத்தப் பேசறது? ஆனா எனக்குத் தெரிஞ்சதை எங்கயாவது சொல்லித்தான் ஆகணும், இல்லேன்னா தொண்டையிலேயே நிக்கும்.

மாஸ்டர்னா டிராயிங் மாஸ்டர். ஸ்கூல்ல முப்பது வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். பொண்டாட்டி எப்பவோ போய்ச் சேந்துட்டாங்க, தனி ஆள். ரிட்டயர் ஆனப்புறம் ஒரு டூர் கம்பெனியில சேந்தார். அந்தக் கம்பெனிக்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு விசித்திரமான டூர் நடத்துவாங்க. பன்னெண்டு பேரை வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போய், பத்து நாள், மூணு ஊர், தினம் ஒரு இடத்துல உக்கார வச்சு படம் வரையச் சொல்லிக் கொடுப்பாங்க. அதுவும் வரையத் தெரிஞ்சவங்களுக்கு இல்ல. என்னை மாதிரி, பூனை வரைஞ்சா பக்கத்துல பூனைன்னு எழுதி வைக்க வேண்டிய ஆளுங்களுக்கு.

நான் டைலர். பொம்பளைங்க துணிதான் தைப்பேன், நாப்பது வருஷமா. "அம்மா, வாழ்நாள் பூரா மெஷினே கதின்னு இருந்துட்ட, ஒரு தடவை ஊர் உலகத்தப் பாத்துட்டு வா"ன்னு என் பொண்ணும் மாப்பிள்ளையும் சேந்து இந்த டூர்ல தள்ளி விட்டாங்க. "எனக்கு எதுக்குடி படம்? கோடு போட்டா அது மேல கத்திரி ஓட்டித்தான் எனக்குப் பழக்கம்"னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். காதுல வாங்கவே இல்ல.

முதல் நாள், லாட்ஜ் சாப்பாட்டு ஹால்ல நடு மேஜையில ஒரு கப்பை வச்சார் மாஸ்டர். "வரைங்க"ன்னார். இவ்வளவுதானான்னு எல்லாரும் வரைஞ்சோம். ஒரு சுத்து வந்து பாத்தவர் மெதுவா சிரிச்சார்.

"பன்னெண்டு பேரும் ஒரே தப்பைப் பண்ணியிருக்கீங்க. கப்போட வாய் வட்டம்னு நம்ம மூளைக்குத் தெரியும். அதனால முழு வட்டமா போட்டுட்டீங்க. அடி தட்டைன்னு தெரியும். அதனால ஸ்கேல் வச்ச மாதிரி ஒரு கோடு. நீங்க உக்காந்திருக்கிற இடத்துலேருந்து பாத்தா வாயும் வட்டமா இல்ல, அடியும் நேரா இல்ல. நல்லாப் பாருங்க."

பாத்தேன். அட, ஆமா. அடி வளைஞ்சுதான் இருந்துச்சு. அம்பத்தொம்பது வருஷமா கப்புல குடிக்கிறேன், அன்னைக்குத்தான் அதைப் பாக்கிறேன். எனக்கே வெக்கமாப் போச்சு.

"மனசுல இருக்கிற கப்பை வரையாதீங்க, மேஜை மேல இருக்கிற கப்பை வரைங்க. படிப்பே இவ்வளவுதான். மீதி எல்லாம் கைப்பழக்கம்"னார்.

அவர்கிட்ட இன்னும் ரெண்டு சட்டம் உண்டு. ரப்பர் கிடையாது. தப்பா போட்டா பக்கத்துல இன்னொரு கோடு போடணும், அழிக்கக் கூடாது. ஆள் வரையறதுன்னா எங்கள்ல ஒருத்தர் நாற்காலியில உக்காரணும், இருபது நிமிஷம் அசையக் கூடாது. கையில டைம்பீஸ் வச்சுக்கிட்டு நிப்பார். எங்க கூட வந்த பேங்க் சார் உக்காந்த அழகைப் பாக்கணுமே, எறும்புப் புத்து மேல உக்காந்த மாதிரி நெளிஞ்சார். "வீட்லயும் இப்படித்தான் மாஸ்டர், ஒரு எடத்துல இருக்க மாட்டார்"னு அவர் சம்சாரம் சொன்னதுக்கு, "நீ இருக்க விட்டாத்தானே"ன்னு அவர் அசையாம உதட்ட மட்டும் ஆட்டிச் சொன்னார். மாஸ்டரே சிரிச்சுட்டார்.

அதே பேங்க் சார் இன்னொரு நாள் ஆசையா, தான் கட்டின வீட்டை ஞாபகத்துலேருந்து வரைய ஆரம்பிச்சார். மாஸ்டர் நோட்டை வாங்கி மூடினார். "வீடு இங்கயா இருக்கு? ஊருக்குப் போய் வாசல்ல உக்காந்து வரைங்க. முன்னாடி இல்லாததை வரையவே கூடாது. வரைஞ்சா அது பொய்யாத்தான் வரும்." மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டார். பாவம், பேங்க் சார் மொகம் சுருங்கிப் போச்சு. ஆனாலும் மனுஷன் கறாரா இருந்தது எனக்குப் பிடிச்சது. நானும் அளவு விஷயத்துல வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுதான்.

அஞ்சாம் நாள் ரெண்டாவது ஊருக்குப் போனோம். அழகான ஊரு. ஆறு, பாலம், பாலத்துக்கு ரெண்டு பக்கமும் பூச்செடி. அங்கதான் உக்காரப் போறோம்னு எல்லாரும் மடக்கு ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு நடந்தா, இவர் பாலத்தைத் தாண்டிக் கூட்டிட்டுப் போறார். நாலு தெரு சுத்தி ஒரு ஆபீஸ் கட்டடத்துக்கு எதிர் பிளாட்பாரத்துல ஸ்டூலைப் போடச் சொல்றார். கட்டடமா அது? சாம்பல் கலர்ல ஆறு மாடி, பெட்டிக்கு ஜன்னல் வெட்டின மாதிரி. நடுவுல ஒரு கண்ணாடிக் கதவு.

"என்ன மாஸ்டர், இவ்வளவு தூரம் பறந்து வந்து இதையா வரையணும்? எங்க வீட்டுப் பக்கத்துல கரண்ட் ஆபீஸ் இதைவிட லட்சணமா இருக்குமே"ன்னு கேட்டேன்.

"ஜன்னல் வரிசை போட்டுப் பழகறதுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது டைலரம்மா"ன்னார். ஆனா என் மொகத்தைப் பாக்கல.

இன்னொண்ணும் கவனிச்சேன். எங்க போனாலும் அவர் நின்னுக்கிட்டேதான் இருப்பார். எங்க நோட்டைப் பாப்பாரே தவிர, தான் வரைய மாட்டார். அன்னைக்கு எங்களுக்கு முன்னாடியே ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்தார். சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். பையிலேருந்து தன்னோட சொந்த நோட்டை எடுத்தார். எங்களைத் திரும்பியே பாக்கல.

நான் ஜன்னல் போட்டுப் போட்டு அலுத்துப் போனேன். அஞ்சரை மணிக்கு ஆபீஸ் விட்டுச்சு. கண்ணாடிக் கதவு தொறந்து ஆளுங்க திபுதிபுன்னு வெளிய வந்தாங்க. ஜன்னலை விட மனுஷங்களாவது பரவால்லன்னு நான் அவங்களைப் பாக்க ஆரம்பிச்சேன். எல்லாரும் போனப்புறம் கடைசியா ஒரு பொண்ணு வந்தா. நம்ம ஊர் மொகம். முப்பத்தி மூணு, நாலு இருக்கும். கையில கம்பு ஊனி வந்தா. கதவுக்கு வெளிய ஒரு நிமிஷம் நின்னு, தெருவுக்கு இந்தப் பக்கமா எங்களையே பாத்தா. நான் மடமடன்னு அவளைப் போட்டேன். தலை பூசணிக்காய் சைஸ்ல வந்துச்சு, கை ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டை. ஆனா நின்ன நிலை மட்டும் அப்படியே வந்துச்சு. அது எனக்கே தெரிஞ்சது. அப்புறம் அவ திரும்பி நடந்து போயிட்டா.

மாஸ்டர் ரொம்ப நேரம் கழிச்சு எழுந்து ஒவ்வொருத்தர் நோட்டா பாத்துக்கிட்டு வந்தார். கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு. என் நோட்டுக்கு வந்ததும் நின்னுட்டார்.

"இது யாரு?"

"கடைசியா வந்தாளே, நம்ம ஊர்ப் பொண்ணு. அவதான்."

கொஞ்ச நேரம் பாத்தார். அப்புறம் வாத்தியாரா ஆயிட்டார். "டைலரம்மா, தலையை விடுங்க, அது பழகினா சரியாயிடும். ஆனா இடுப்பைப் பாருங்க. ஒரு பக்கம் தொங்குது. இப்படி நின்னா ஆள் கீழ விழுந்துடும். பாக்காம போட்டிருக்கீங்க."

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு, எழுந்துட்டேன்.

"யாரு பாக்காம போட்டது? நாப்பது வருஷமா பொம்பளைங்க இடுப்பை அளந்து சோறு திங்கிறவ நான். தூரத்துல நடந்து வரும்போதே எந்தத் தோள் எறக்கம்னு சொல்லிடுவேன். அந்தப் பொண்ணுக்கு இடது இடுப்பு ரெண்டு விரக்கடை எறக்கம். கம்பு ஊனாம அவளால நிக்க முடியாது. நீங்கதான் சரியாப் பாக்கல!"

"கம்பா?"

"ஆமா, கம்பு. இந்தா போட்டிருக்கேனே, குடை மாதிரி. அது குடை இல்ல."

"எதிர்ல நானும்தான் உக்காந்திருந்தேன். அவ கையில கம்பெல்லாம் கிடையாது"ன்னார். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. பேங்க் சார் அந்தப் பக்கத்துலேருந்து, "இல்ல மாஸ்டர், கம்பு இருந்துச்சு. ரொம்ப சிரமப்பட்டு நடந்துச்சு அந்தப் பொண்ணு"ன்னார்.

மாஸ்டர் அப்படியே என் ஸ்டூல்ல உக்காந்துட்டார். பேயறைஞ்ச மாதிரி இருந்தார். நான் பயந்துட்டேன். தண்ணி பாட்டிலைத் தொறந்து கொடுத்தா, அதைக் கையில வாங்கிக் குடிக்காம வச்சிருந்தார்.

லாட்ஜுக்குத் திரும்பினப்புறம், எல்லாரும் மேல போயிட்டாங்க, சாப்பாட்டு ஹால்ல அவர் மட்டும் உக்காந்திருந்தார். நான் ரெண்டு காபி வாங்கிட்டுப் போய் எதிர்ல உக்காந்தேன். "என்ன மாஸ்டர், நான் ஏதாவது துடுக்கா பேசிட்டேனா?"ன்னேன்.

தன் நோட்டை என் பக்கம் தள்ளினார். தொறந்தேன். நாலே படம். ஒவ்வொண்ணு அடியிலயும் தேதி, வருஷத்துக்கு ஒண்ணு. நாலும் அந்தக் கண்ணாடிக் கதவு, நாலும் ஒரே பொண்ணு. ஐயோ, என்ன கை அந்த மனுஷனுக்கு! கண்ணுல உயிர் இருந்துச்சு. ஆனா அது நான் பாத்த பொண்ணு இல்ல. கன்னம் புசுபுசுன்னு, தோள்ல பை மாட்டிக்கிட்டு, ரெண்டு காலும் நேரா, காலேஜுக்குப் போற பொண்ணு மாதிரி நின்னுச்சு. நான் பாத்தவளுக்குக் கன்னம் ஒட்டியிருந்துச்சு.

"என் பொண்ணு"ன்னார்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சொன்னார். ஒரே பொண்ணு. இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவ, கூட வேலை பாத்தவனையே கல்யாணம் பண்ணிக்கிட்டா. பண்ணி ரெண்டு மாசம் கழிச்சு அப்பனுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கா. "கோபத்துல, 'இனிமே என் மூஞ்சியில முழிக்காதே'ன்னு போனை வச்சுட்டேன் டைலரம்மா. பதினோரு வருஷம் ஆச்சு. அவளும் முழிக்கல. என் மச்சினிகிட்ட மட்டும் பேசுவா. மச்சினிகிட்டயும் நானே சொல்லி வச்சிருந்தேன், அவ பேச்சை என்கிட்ட எடுக்கக் கூடாதுன்னு."

அந்த மச்சினி வீட்டு மேஜையில ஒரு நாள் ஒரு கவரைப் பாத்திருக்கார், மேல இந்த ஆபீஸ் விலாசம். இந்த டூர் கம்பெனி இந்த ஊர் வழியாப் போகுதுன்னு தெரிஞ்சுதான் வேலைக்கே சேந்திருக்கார். வருஷத்துக்கு ஒரு நாள், பன்னெண்டு பேரைச் சுத்தி உக்கார வச்சுக்கிட்டு, அந்தக் கூட்டத்துல ஒருத்தரா எதிர்ல உக்காந்து பாத்துட்டுப் போறது.

"தெருவைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை பேச வேண்டியதுதானே? பத்தடி தெரு!"

"முழிக்காதேன்னு சொன்னது நான். நானே போய் எப்படி முன்னாடி நிக்கிறது? அவ என்னைப் பாத்துட்டு ஒரு அடி இந்தப் பக்கம் எடுத்து வச்சா நான் ஓடிப் போயிருப்பேன். அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

"நல்லாயிருக்கு நியாயம்! கால் முடியாத பொண்ணு ஒரு அடி எடுத்து வைக்கணும், கால் நல்லா இருக்கிற நீங்க உக்காந்திருப்பீங்களோ?" நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன். கேட்ட அப்புறம்தான் அவர் மொகத்தைப் பாத்தேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நாலு வருஷம் டைலரம்மா. எதிர்ல உக்காந்து பாத்தேன். கம்பு எப்படித் தெரியாமப் போச்சு எனக்கு?"

எனக்குத் தெரிஞ்சது, ஆனா சொல்லல. அவர் பாக்கல. கதவு தொறந்ததும் அந்த மொகத்தை ஒரு பார்வை பாத்திருப்பார், உடனே குனிஞ்சு வரைய ஆரம்பிச்சிருப்பார். மீதியெல்லாம் மனசுலேருந்து வந்திருக்கும். எங்களைக் கப்பு விஷயத்துல திட்டினாரே, அதே தப்பு.

"காலையில பத்து மணிக்குத்தானே அடுத்த ஊருக்கு பஸ். எட்டரைக்கு ஆபீஸ் வாசல்ல நிப்போம். நான் கூட வரேன். நீங்க வரலேன்னா நானே போய்ப் பேசுவேன், என் வாய் உங்களுக்குத் தெரியும்"னேன்.

காலையில எட்டேகாலுக்கே போய் நின்னோம். எதிர் பிளாட்பாரத்துல இல்ல, கதவுகிட்டயே. அவர் நோட்டை மார்போட அணைச்சுப் பிடிச்சிருந்தார். எட்டரைக்கு அவ தெருமுனையில திரும்பினா. தூரத்துலேயே பாத்துட்டா. நடை நின்னுச்சு. அப்புறம் அதே நடையில, அதே மெதுவுல, கம்பை ஊனி ஊனி வந்தா. அந்த அம்பதடி தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆச்சுங்கிறீங்க! இவர் ஓடிப் போயிருக்கலாம். கால் வரல அவருக்கு.

பக்கத்துல வந்து நின்னா. "எப்ப வந்தீங்க?"ன்னு கேட்டா. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேக்கிற மாதிரி.

"பாப்பா"ன்னார். அப்புறம், "கால் என்னம்மா ஆச்சு?"

"பஸ்ல அடிபட்டது. இடுப்பு எலும்பு. ரெண்டு ஆபரேஷன். அது ஆச்சு ஆறு வருஷம்."

ஆறு வருஷம்! இவர் முதல் தடவை வந்து உக்காந்தப்பவே அவ கையில கம்பு இருந்திருக்கு.

"எனக்கு யாருமே சொல்லலியே?"

"சித்திகிட்ட என் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களாம்." அவ குரல்ல கோபமே இல்ல. "ஆனா நீங்கதான் வந்தீங்களேப்பா. வருஷா வருஷம் எதிர்ல உக்காந்து வரையறீங்க. முதல் வருஷம் மேல ஜன்னல்லேருந்து பாத்தேன். கூட்டம் போகட்டும்னு கடைசியா வெளிய வந்து நின்னேன். காலைப் பாத்துட்டு ஓடி வருவீங்கன்னு நெனச்சேன். வரல. அடுத்த வருஷமும் நின்னேன். அப்புறம், காலைப் பாத்ததாலதான் வரலையோன்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஐயோ, இல்லம்மா. நான் பாக்கல. சத்தியமா நான் பாக்கல பாப்பா."

"நாலு வருஷமா பாத்தீங்களே."

அந்த மனுஷன் என்ன பண்ணுவார்? நோட்டைத் தொறந்து அவகிட்ட நீட்டினார், இதுதான் சாட்சிங்கிற மாதிரி. அவ கம்பைச் சுவர்ல சாத்தி வச்சுட்டு ஒவ்வொண்ணா திருப்பினா. முதல் படம், ரெண்டாவது, மூணாவது. நாலாவதுக்கு வந்தப்போ கை நின்னுச்சு.

"இது நான் இல்லப்பா. இது வீட்டை விட்டுக் கிளம்பினப்ப இருந்த நான்"னா. மூடி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தா.

எனக்குத் தாங்கல. நடுவுல பூந்து என் நோட்டுலேருந்து அந்தத் தாளைக் கிழிச்சு நீட்டினேன். "இந்தாம்மா, இது நேத்து நான் போட்டது. கோணல்மாணலாத்தான் இருக்கும், திட்டாதே. இதைப் பாத்த அப்புறம்தான் உங்கப்பாவுக்கே தெரிஞ்சது. அவர் பொய் சொல்லல."

வாங்கிப் பாத்தா. முதல் தடவையா உதடு கொஞ்சம் சிரிச்சுச்சு, தலை சைஸைப் பாத்துத்தான் இருக்கும். அப்புறம் கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. "இதை நான் வச்சுக்கலாமாம்மா?"ன்னா. நான் தலையை ஆட்டினேன். பக்கத்துல அவர் தன் நோட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைப் பாக்க முடியல என்னால.

ஆபீஸுக்கு நேரமாச்சு. கம்பை எடுத்துக்கிட்டா. கதவைத் தள்ளினவ திரும்பாமலே, "அடுத்த வருஷம் வந்தா எதிர்ல உக்காராதீங்க. மேல வாங்க. மூணாவது மாடி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

பஸ்ல மாஸ்டர் என் பக்கத்துல வந்து உக்காந்தார். ஊரும் தாண்டியாச்சு. அப்புறம் மெதுவா, யாருக்கும் கேக்காம, "டைலரம்மா, கம்பை எந்தக் கையில பிடிச்சிருந்தா?"ன்னு கேட்டார்.

ஒரு முழ தூரத்துல நின்னு பேசினவர் கேக்கிறார்! எனக்கு அழுகை வந்துடுச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, "வலது கையில மாஸ்டர். கால் இடதுல்ல, அதனால வலது கையில"ன்னேன். சரின்னு தலையை ஆட்டினார்.

ஊருக்கு வந்தப்புறம் வாரம் ஒரு நாள் என் கடைக்கு வர ஆரம்பிச்சார். வெட்டுற மேஜை மேல புது நோட்டு ஒண்ணை விரிப்பார். "இடுப்பு இவ்வளவு எறங்கலாமா?" "இல்ல, இன்னும் அரை விரக்கடை." "தோள்?" "இடுப்பு ஒரு பக்கம் எறங்கினா தோள் எதிர்ப் பக்கம் சாயும் மாஸ்டர், இது கூடத் தெரியாதா?" நான் திட்டுவேன், அவர் பேசாம பக்கத்துல இன்னொரு கோடு போடுவார். முன்னாடி இல்லாததை வரையக் கூடாதுன்னவர், என் வாய்ச் சொல்லை வச்சு வரைஞ்சுக்கிட்டிருந்தார். "ஒரு போன் பண்ணித் தொலைங்களேன், இப்பதான் மேல வான்னு சொல்லிட்டாளே"ன்னு எத்தனையோ தடவை சொன்னேன். "போன்ல ஒரு தடவை பேசினதே போதும் டைலரம்மா. நேர்ல போறேன்"னுடுவார்.

பக்கம் பக்கமா போட்டார். கால் சரி, இடுப்பு சரி, கம்பு சரி, எல்லாம் சரி. மொகத்தை மட்டும் போடவே இல்ல. கழுத்துக்கு மேல வெறும் முட்டை மாதிரி ஒரு கோடு. ஏன் மாஸ்டர்னு கேட்டேன். "அதை நேர்ல உக்கார வச்சுத்தான் போடணும். ஞாபகத்துலேருந்து போட்டா மறுபடியும் பழைய மொகம்தான் வரும்"னார்.

டூருக்குப் பதினாறு நாள் இருந்துச்சு. கடைசியா வந்தன்னைக்கு நோட்டை என் மேஜையிலேயே மறந்துட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் நாற்காலியில உக்காந்தபடியே நெஞ்சு நின்னு போச்சுன்னு மச்சினி போன் பண்ணாங்க.

துக்கம் கேக்கப் போனேன்னு சொன்னேனே, அந்த நோட்டும் என் பையிலதான் இருந்துச்சு. கூட்டம் கலைஞ்சு நானும் மச்சினியும் மட்டும் இருந்த நேரத்துல வாசல்ல கம்புச் சத்தம் கேட்டுச்சு. அவ வந்திருந்தா. நாலு நாள் லேட். அழல. யாரையும் கட்டிக்கல. நேரா வந்து அப்பா போட்டோ முன்னாடி நின்னா.

நான் நோட்டைக் கொடுத்தேன். நின்னுக்கிட்டே திருப்பினா. பாதியில வேகம் கொறைஞ்சுது. இடுப்பு மேல விரலை வச்சுப் பாத்தா, கம்பு மேல வச்சுப் பாத்தா. கடைசிப் பக்கம் வந்ததும், "மொகம்?"னு கேட்டா.

"அதை நீ எதிர்ல உக்காந்தாத்தான் போடுவேன்னார்மா. டிக்கெட் எல்லாம் எடுத்து வச்சிருந்தார்."

அவ சுத்துமுத்தும் பாத்தா. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்து போட்டோவுக்கு நேர் எதிர்ல போட்டா. எழுந்து உதவப் போன மச்சினியை நான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். கம்பைச் சுவர்ல சாத்திட்டு உக்காந்தா. முதுகை நேராக்கினா. தலையைத் தூக்கி அவர் மொகத்தை நேருக்கு நேர் பாத்தா.

"எவ்வளவு நேரம் உக்காரச் சொல்வார்?"

"இருபது நிமிஷம்"னேன். "அசையக் கூடாது."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டேன். கண்ணுலேருந்து தண்ணி வழிஞ்சு தாடை வரைக்கும் வந்துச்சு, அவ துடைக்கல. இருபது நிமிஷமும் அசையாம உக்காந்திருந்தா.